கிளாக்ஸ் வரவில்லை

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடங்களாக வேலை செய்கிறேன். வட இங்கிலாந்தில் ஒரு கம்பெனி எங்களிடம் ஷூ வாங்குகிறது. அவர்கள் அனுப்பும் மெயிலைப் படித்து உள்ளே சொல்வதும், உள்ளே சொல்வதை அவர்களுக்கு எழுதுவதும் என் வேலை. சத்துவாச்சாரியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். அப்பா ஆங்கில ஆசிரியர். இங்கிலீஷ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நானும் நம்பினேன், என்னை வேலைக்கு எடுத்தவர்களும் நம்பினார்கள்.

முதல் வருடமே அது ஆட்டம் கண்டது. தங்கள் கிடங்கு 'சிக்சஸ் அண்ட் செவன்ஸில்' இருக்கிறது, சரக்கைப் பத்து நாள் கழித்து அனுப்புங்கள் என்று ஒரு மெயில் வந்தது. ஷூ கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு இதை வேறு எப்படிப் புரிந்துகொள்வது? ஆறாம் நம்பரும் ஏழாம் நம்பரும் அங்கே தேங்கிக் கிடக்கிறது என்று நினைத்து, அந்த இரண்டு அளவையும் வெட்ட வேண்டாம் என்று கட்டிங் பிரிவுக்குச் சொல்லிவிட்டேன். கிடங்கு ஒரே குளறுபடியாக இருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம் என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. ஏன் ஆறு, ஏன் ஏழு என்று இணையத்தில் தேடினேன். தாயக்கட்டை ஆட்டத்திலிருந்து வந்தது என்றார் ஒருவர். லண்டனில் தையல்காரர் சங்கமும் தோல் வியாபாரிகள் சங்கமும் ஊர்வலத்தில் ஆறாவதாகப் போவது யார், ஏழாவதாகப் போவது யார் என்று அடித்துக்கொண்டதிலிருந்து வந்தது என்றார் இன்னொருவர். அந்தச் சண்டைக்கு முன்பே இந்தச் சொல் இருந்தது என்றார் மூன்றாமவர். மூன்றையும் படித்துவிட்டுக் கட்டிங் பிரிவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அந்தக் கம்பெனியிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை ஒரு இன்ஸ்பெக்டர் வருவார். எழுபதை நெருங்கும் வயது. ஒவ்வொரு ஷூவையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் தையலைப் பார்ப்பார். எங்கள் சாம்பிள் ரூமில் இருக்கும் பாய்க்கும் அவருக்கும் அப்படியொரு தோஸ்தி. பாய்க்கு இங்கிலீஷ் பத்து வார்த்தை. அவருக்குத் தமிழ் 'சரி', 'டீ' இரண்டுதான். ஆனாலும் இருவரும் ஒரு மேஜையில் தோலைப் பரப்பிக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். அவருடைய வலது கால் கட்டைவிரல் பக்கம் எலும்பு புடைத்திருக்கும். அதற்கு ஏற்றமாதிரி ஒரு கால் அச்சைச் செதுக்கி, பாய் அவருக்கு ஒரு ஜோடி ஷூ தைத்துக் கொடுத்திருந்தார்.

கடைசியாக வந்தபோது போனில் ஒரு படம் காட்டினார். அடிப்பாகம் மரக்கட்டை, மேலே தடித்த தோல். நூல் மில்லில் வேலை செய்த அவருடைய தாத்தா போட்ட செருப்பாம். அதன் பெயர் கிளாக்ஸ். வீட்டில் ஒரு ஜோடி இருக்கிறது, பாய்க்குக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில மாதம் கழித்து, அந்த அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையனிடமிருந்து மெயில் வந்தது. பக்கிள் நிறம், அட்டைப்பெட்டி லேபிள், எல்லாம் வழக்கமானவை. கடைசியில் ஒரு வரி: 'ஓல்டு பாய் பாப்ட் ஹிஸ் கிளாக்ஸ் ஆன் சண்டே.'

அவர்கள் எதையும் அனுப்பு என்று எழுத மாட்டார்கள், 'பாப் இட் இன் த போஸ்ட்' என்றுதான் எழுதுவார்கள். அது எனக்கு அத்துப்படி. ஓல்டு பாய் என்றால் நம் இன்ஸ்பெக்டர் பெரியவர்தான். ஆகவே அவர் ஞாயிற்றுக்கிழமை கிளாக்ஸை அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கூரியர்காரன் பார்சல் வாங்குகிறான் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி, ஆவலோடு காத்திருக்கிறோம் என்று உடனே பதில் எழுதினேன்.

பாயிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"சொன்ன மாதிரியே அனுப்பிட்டாரா? அது வர்றதுக்குள்ள நாம ஒண்ணு பண்ணி வைக்கலாம் மேடம். அவரு அச்சு எங்கிட்டதானே கீது."

தெரிந்த தச்சரிடம் போய் மரத்தில் இரண்டு அடிக்கட்டை அறுத்து வாங்கி வந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அதைத் தேய்த்தார். எட்டு நாளாகியும் பார்சல் வரவில்லை. நான் மறுபடி எழுதினேன்: கிளாக்ஸ் இன்னும் வந்து சேரவில்லை, எந்தக் கூரியர் என்று தயவுசெய்து அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள்.

இந்தமுறை அந்தப் பையனின் மேலாளரே எழுதினார். மன்னிக்க வேண்டும், நாங்கள் நேராகச் சொல்லியிருக்க வேண்டும், எங்கள் ஊர்ப் பேச்சில் அந்த வரிக்கு அவர் இறந்துவிட்டார் என்றுதான் அர்த்தம், மாரடைப்பு, அடக்கமும் முடிந்துவிட்டது. அவ்வளவுதான் இருந்தது.

என் முதல் பதிலைத் திறந்து பார்த்தேன். 'மிகுந்த மகிழ்ச்சி.' அனுப்பியது அனுப்பியதுதான். எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்? பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அதற்குப் பிறகுதான் சாம்பிள் ரூமுக்குப் போக முடிந்தது.

பாய் மரக்கட்டையின் ஓரத்தில் தோலை இழுத்துப் பிடித்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"பாய், நான் தப்பாப் படிச்சிட்டேன். அவரு செருப்பு எதுவும் அனுப்பல. அவரு... தவறிட்டாரு பாய்."

சுத்தியலைக் கீழே வைத்தார். மெல்ல ஒரு துஆவை முணுமுணுத்தார். "எப்போ?" என்றார்.

"அந்த ஞாயித்துக்கிழமை. மொதல்ல வந்த மெயில்ல அதான் போட்டிருந்தாங்க. எனக்குத்தான் புரியல."

"செருப்புன்னுதானே போட்டிருந்தான்?"

"அவங்க ஊர்ல செத்துட்டாருன்னா அப்படிச் சொல்வாங்களாம்."

"செத்துட்டாருன்னு சொல்றதுக்கு இன்னா மேடம் கஷ்டம்? செருப்புக்கும் சாவுக்கும் இன்னா சம்பந்தம்?"

தேடிச் சொல்கிறேன் என்றேன். மாலை ரயிலில் காட்பாடி வரும்வரை போனில் அதையே தேடினேன். பாப் என்றால் அந்தக் காலத்தில் அடகு வைப்பது. மில் தொழிலாளி கிளாக்ஸையே அடகு வைத்துவிட்டான் என்றால் இனி அவன் எழுந்து வேலைக்குப் போகமாட்டான், அதனால் வந்த சொல் என்று ஒருவர் எழுதியிருந்தார். பழைய எழுத்து எதிலும் இது இல்லை, யாரோ பிற்காலத்தில் விளையாட்டாகக் கட்டிவிட்டது என்று இன்னொருவர். யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. மறுநாள் பாயிடம் இரண்டையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "பாவம், மில்லுக்காரனுங்க" என்று மட்டும் சொன்னார்.

இரங்கல் கடிதம் எழுத உட்கார்ந்தால் ஒரு வார்த்தையும் வரவில்லை. எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் எனக்குத் தெரியாத வேறொரு அர்த்தம் ஒளிந்திருக்குமோ என்று பயம். நான்கு வரி எழுதி மூன்றை அழித்தேன். கடைசியில் நடந்ததை நடந்தபடியே எழுதினேன்: நான் தவறாகப் புரிந்துகொண்டேன், எங்கள் பாய் அவர் அளவில் கிளாக்ஸ் செய்ய ஆரம்பித்துவிட்டார், எங்களை மன்னியுங்கள். அதை அவருடைய மகளுக்குச் சேர்த்துவிடும்படி மேலாளரைக் கேட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து மகளே பதில் எழுதியிருந்தார். அப்பா ஆம்பூரைப் பற்றி அடிக்கடி பேசுவார், அந்தக் கிளாக்ஸை முடிந்தால் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். கடைசியில், இதைக் கேட்டிருந்தால் அப்பா 'சஃப்ட் டு பிட்ஸ்' ஆகியிருப்பார் என்றிருந்தது.

அகராதியில் பார்த்தேன். சஃப்ட் என்றால் மகிழ்ச்சி. அதற்குக் கீழேயே, சில வட்டாரங்களில் அதே சொல்லுக்கு எரிச்சல், கடுப்பு என்றும் போட்டிருந்தது. அவருடைய வட்டாரம் எது? மகளிடமா கேட்பது?

பாய் கதவருகே வந்து நின்றார். "இன்னா மேடம் எழுதிக்கீறாங்க?"

"சந்தோஷப்பட்டிருப்பாராம் பாய்."

"நல்லாப் பார்த்துச் சொல்லு மேடம்."

இன்னொரு முறை படித்தேன். "அப்படித்தான் நினைக்கிறேன்" என்றேன்.