மாமாவின் ரப்பர் தவளை

பத்து வயதில் ஒரு தூண்டில் முள்ளின் இரண்டு முனைகளைக் கட்டிங் பிளையரால் பிடித்து வெளிப்பக்கம் வளைத்தேன். செய்தது அவ்வளவுதான். அரை நிமிஷ வேலை. அதை யாரிடமும் சொல்லாமல் அறுபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டேன்.

போன மாதம் பேரன் ஒரு பார்சலைப் பிரித்து என் முன்னால் வைத்தான். உள்ளே மெத்தென்று ஒரு பச்சைத் தவளை.

"தாத்தா, எப்படி டிசைன் பண்ணிருக்காங்க பாருங்க. முள்ளு ரெண்டும் முதுகோட படுத்துட்டு இருக்கு. பாசி மேல இழுத்தாலும் மாட்டாது. மீன் கவ்வினா உடம்பு அமுங்கும், அப்பத்தான் முனை வெளிய வரும்."

எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. "அப்படியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அதன் பிறகு எந்த வேலையிலும் மனம் ஓடவில்லை. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எங்கள் வீடு அடுகோடியில் இருந்தது. அப்பா மாநில அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. பின்கட்டில் ஓர் அறை உண்டு. அதில் அம்மாவின் தம்பி, என் மாமா, இருந்தார். பக்கத்துத் தெருப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர். வேலை போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

வேலை போன விதம் தெருவுக்கே தெரியும். லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் தலையை ஒரு சாவி போட்டு இறுக்குவார்கள். இறுக்கியதும் சாவியை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் இயந்திரத்தை ஓடவிட்டால் அது குண்டு மாதிரி தெறிக்கும். மாமாவின் இயந்திரத்திலிருந்து ஒருநாள் அப்படித் தெறித்து, அடுத்த இயந்திரத்தில் நின்றவரின் தாடையை உடைத்தது. "எடுத்தேன்னுதான் ஞாபகம்" என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். 'எடுத்தேன்' என்று ஒரு தடவைகூட அவரால் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் எதையும் ஒருமுறை பார்த்ததோடு விடுவதில்லை. குழாயை மூடிவிட்டு நாலடி போய்த் திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பார். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய் மறுபடி வருவார். அப்பா அதைப் பார்த்துச் சிரிப்பார். அப்பா சிரித்ததால் நானும் சிரிப்பேன்.

அந்த ஒரு வருஷத்தில் மாமா செய்த ஒரே உருப்படியான காரியம் தவளை. அதைக் கன்னடத்தில் 'கப்பெ' என்றுதான் சொல்வார். சைக்கிள் டியூபை வெட்டி, பங்சர் ஒட்டும் பசையால் ஓரத்தை ஒட்டி, உள்ளே காற்று நிற்கும்படி ஒரு பை செய்வார். வயிற்றில் பட்டாணி அளவு ஈயம், மல்லாந்து விழாமல் இருக்க. இரட்டை முள் ஒன்றை அடிவழியாகச் செருகி, இரண்டு முனையும் முதுகின் மேல் படிந்து கிடக்கும்படி வைப்பார். பின்னால் இரண்டு ரப்பர் வால்கள், கால்களுக்காக. விராலுக்குப் பல் உண்டு, நைலான் நரம்பைக் கடித்துவிடும் என்பதால் மூக்கில் ஒரு சாண் பிரேக் ஒயர் இழை. கடைசியில் பச்சை எனாமல்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. தவளையைத் தன் முன்கையின் மேல் வைத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மெல்ல இழுப்பார். தோலில் கீறல் விழக் கூடாது. மூன்று தடவை இழுப்பார். மூன்றாவது தடவை முடிந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அந்த வருஷம் அவர் முகத்தில் வேறு எப்போதும் அதை நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூர் ரோடு பஸ்ஸில் போவோம். இன்று பொம்மசந்திராவில் தொழிற்சாலைகள் நிற்கிற பக்கம் அன்று ராகிக் கொல்லையும் ஏரியும்தான். ஏரியில் பாதிக்கு மேல் ஆகாயத்தாமரை. அதன் அடியில்தான் விரால் படுத்திருக்கும். மாமா தவளையை இலைகளின் மேல் எறிந்து, தத்தித் தத்தி இழுத்து, இடைவெளி வந்த இடத்தில் நிறுத்துவார். தண்ணீர் வெடித்துத் தவளை காணாமல் போகும். அப்போதும் இழுக்க மாட்டார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நிதானமாக எண்ணி, பிறகுதான் வெட்டி இழுப்பார். மீன் நன்றாகக் கவ்வ அந்த நேரம் வேண்டும்.

என் கையில் கொடுத்தபோது என்னால் எண்ண முடியவில்லை. தண்ணீர் வெடித்தவுடன் இழுத்தேன். மூன்று விரால்கள் வந்து மூன்றும் போயின. கரையில் மாடு மேய்த்த பையன்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

"என்னடா அவசரம், பஸ்ஸா புடிக்கப் போற?" என்றார் மாமா.

தப்பு என்னுடையது என்று எனக்குத் தோன்றவில்லை. பள்ளி நூலகத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் தூண்டில் படங்கள் பார்த்திருந்தேன். அதில் எல்லா முள்ளும் முள்ளம்பன்றி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மாமா எட்டாவதோடு நின்றவர். நான் வகுப்பில் முதல். மாமாவின் முள்தான் தப்பு என்று முடிவு எடுக்க இது போதுமானதாக இருந்தது.

அந்த ஏரிக்கு ஒருவர் ஜீப்பில் வருவார். ஏதோ தொழிற்சாலையின் மேனேஜர். வெளிநாட்டு ராடு, ரீல், பளபளவென்று பித்தளைத் தகடு கட்டிய முள். எறிகிற ஒவ்வொரு தடவையும் அது பாசியில் மாட்டும். ஒருநாள் மாமாவின் தவளை இலைகளின் மேல் வழுக்கி வருவதை அவர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருப்பா செஞ்சது?"

"நான்தான் சார்."

"நல்ல கை. எங்க வேலை பண்றே?"

"டர்னர் சார். இப்போ... இல்ல."

அவர் சிரித்தார். "அடுத்த சண்டே எனக்கு ஒண்ணு கட்டிட்டு வா. மீன் கெடைக்குதோ இல்லையோ, மண்டே எங்க ஃபேக்டரி டூல் ரூமுக்கு வந்துடு. ட்ரை பண்ணலாம்."

மாமா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அம்மா சமையலறையிலிருந்து கையைக்கூடத் துடைக்காமல் வெளியே வந்தாள். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "வேலை கெடச்சா அங்கேயே பக்கத்துல ரூம் பாத்துக்கட்டும். பின்கட்டு இவனுக்குப் படிக்க ஆகும்" என்றார். இவன் என்றால் நான்.

அந்த வாரம் முழுவதும் அறை என்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மேஜையை எந்தப் பக்கம் போடுவது என்றுகூட முடிவாகிவிட்டது. மீன் கிடைக்காவிட்டாலும் வரச் சொன்னார் என்பதை நான் நம்பவில்லை. மீன் இல்லாமல் யார் வேலை கொடுப்பார்கள்? மேனேஜரும் என்னைப் போல அவசரமாக இழுப்பார், மீன் போய்விடும், மாமா பின்கட்டிலேயே இருப்பார் என்று பட்டது.

சனிக்கிழமை மாலை மாமா தவளையை முடித்தார். முன்கையில் மூன்று முறை இழுத்துப் பார்த்தார். ஒரு பிஸ்கட் டின்னில் பஞ்சு வைத்துப் படுக்க வைத்தார். சவரம் செய்துகொள்ளக் கடைக்குப் போனார். நான் டின்னைத் திறந்து, அவருடைய கட்டிங் பிளையராலேயே இரண்டு முனைகளையும் முதுகை விட்டு ஒரு விரல் கனம் தூக்கினேன். மாமாவுக்கு உதவி செய்ததாகத்தான் எண்ணினேன். அறையும் எண்ணத்தில் இருந்தது. இரண்டும் உண்மை.

மறுநாள் டின்னை நான்தான் தூக்கிவந்தேன். மேனேஜர் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். மாமா டின்னுக்குக் கை நீட்டினார்.

"ஒரு நிமிஷம் சார், ஒரு தடவ பாத்துட்டுக் குடுக்கறேன்."

"நேத்தே மூணு தடவ பாத்தீங்களே மாமா!" என்றேன். அப்பாவின் குரலில் சொன்னேன், அதே ராகத்தில். பிறகு மேனேஜரைப் பார்த்து, "இவரு குழாயக்கூட மூணு தடவ மூடுவாரு சார்" என்றேன்.

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். மாமாவும் சிரிக்க முயன்றார். நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார். நான் தவளையை எடுத்து நேராக மேனேஜர் கையில் வைத்தேன். அவர் பேசிக்கொண்டே நரம்பில் கட்டினார்.

முதல் எறிதலிலேயே அது ஆகாயத்தாமரையின் தண்டில் மாட்டியது. அவர் இழுத்தார். ராடு வில்லாக வளைந்தது.

"இழுக்காதீங்க சார். நான் எறங்கி எடுத்துத் தரேன்." மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்துவிட்டார். "சார், வேணாம் சார்!"

மேனேஜர் இன்னொரு முறை பலமாக இழுத்தார். தண்டு அறுந்தது. கவண்கல் போலத் தவளை திரும்பி வந்தது. அவர் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தபோது பச்சை ரப்பர் அவர் கன்னத்தில் தொங்கியது. கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே.

மாமா ஓடிவந்தார். முள்ளை வந்த வழியே இழுத்தால் சதை கிழியும். அவர் முனையை முன்னோக்கித் தள்ளித் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, நுனியைப் பையிலிருந்த பிளையரால் வெட்டி, மீதியைப் பின்னோக்கி இழுத்து எடுத்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மேனேஜரின் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. மாமாவின் கை நடுங்கவில்லை. அதை நான் ஒருவன்தான் பார்த்தேன்.

மேனேஜர் கைக்குட்டையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு தவளையைப் பார்த்தார். ஒரு முள் போக, மீதி முள் நட்டுக்கொண்டு நின்றது.

"பாசியில போடறதுக்கு இப்படியா கட்டுவாங்க?" என்றார். பிறகு, குரலை உயர்த்தாமல், "உன் பட்டறையில விசாரிச்சேன்பா. சாவி கதை சொன்னாங்க. ஒருத்தன் கையப் பாத்தா தெரியாதான்னு நெனச்சேன். தெரியாது போல" என்றார்.

ஜீப் போய்விட்டது. மாமா அந்தத் தவளையைக் கையில் வைத்துக்கொண்டு கரையிலேயே நின்றார். முன்கையில் வைத்து ஒருமுறை இழுத்தார். ஒரு கோடு விழுந்து, அதில் ரத்தம் துளிர்த்தது.

மாலை கூடத்தில் அப்பா முன்னால் என்னைக் கேட்டார். "நேத்து இந்த டின்ன நீ தொறந்தியாடா?"

"இல்ல மாமா."

அப்பா எழுந்து வந்தார். "செய்யறதையும் செஞ்சிட்டுக் கொழந்த மேல பழி போடறியா? அன்னிக்கும் இதே கதைதான். ஞாபகமாம், ஞாபகம்!" அம்மா என்னையே பார்த்தாள். நான் அம்மாவின் கண்ணைப் பார்க்காமல் அப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள் காலை குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமா பக்கத்தில் வந்து குந்தினார். இரவெல்லாம் விழித்திருந்த முகம்.

"அடிக்க மாட்டேன்டா. அப்பாகிட்டயும் சொல்ல மாட்டேன். நீ தொட்டிருந்தா 'ஆமா'ன்னு ஒரு வார்த்த சொல்லு. அது போதும் எனக்கு."

"நான் தொடவே இல்ல மாமா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"சாமி சத்தியமா."

அவர் என் தலையில் கை வைத்து, எழுந்து போனார். அந்த மாதமே வீட்டை விட்டுப் போய்விட்டார். பின்கட்டு எனக்கு வந்தது. அங்கே உட்கார்ந்துதான் படித்தேன். இன்ஜினியர் ஆனேன்.

மாமா பிறகு எந்த இயந்திரத்தையும் தொடவில்லை. ஒரு தியேட்டரின் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தார். பல வருஷம் கழித்து பிரேசர் டவுனில் ஒற்றை அறையில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறுபது தாண்டிய அவரைப் பார்க்க ஒருநாள், சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டே போனேன். டீ போட்டார். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு, "மூடிட்டேனா பாருடா" என்றார். பார்த்தேன். மூடியிருந்தது.

"மாமா, அந்த ஏரியில, அந்தத் தவள..." என்று ஆரம்பித்தேன்.

"அதுவா!" என்று சிரித்தார். "அது நடந்தது நல்லதுக்குடா. சாவி விஷயத்துல எனக்கு ஒரு சந்தேகம் இருந்துட்டே இருந்தது. ஒருவேளை நான் எடுத்திருப்பேனோ, வேற யாராவது மறுபடி வச்சிருப்பாங்களோன்னு. தவள அந்தச் சந்தேகத்தத் தீர்த்துடுச்சு. என் கை லாயக்கில்லன்னு புரிஞ்சுபோச்சு. இல்லேன்னா அந்த ஃபேக்டரிக்குப் போயி இன்னும் எத்தன பேரை முடமாக்கியிருப்பேனோ."

நான் டீயைக் குடித்தேன். அந்த மனுஷர் ஒருவாறு அமைதியாகிவிட்டார், அதைக் கெடுப்பானேன் என்று சமாதானம் செய்துகொண்டேன். அதைக் கருணை என்றுகூட நினைத்துக்கொண்டேன். பயம்தான் அது, பத்து வயதில் இருந்த அதே பயம். அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார்.

குழாயடியில் அவர் கேட்டபோது, தந்திரமாகப் பேசி என்னை மாட்டிவிடப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். ஏமாறாமல் நின்றதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஈரத் தரையில் குந்தியிருந்த அந்த மனிதருக்கு என்னைத் தண்டிப்பதில் எந்த அக்கறையும் இருக்கவில்லை. தன் கை தப்பு செய்யவில்லை என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்தார், அதைச் சொல்லக்கூடியவன் உலகத்தில் நான் ஒருவன்தான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.