ஸ்டீபன் அண்ணன் பெயிண்ட் அடித்த ஸ்பிட்ஃபயர்

ஸ்டீபன் அண்ணன் இறந்துவிட்டார்.

இன்று காலை டூட்டிக்குக் கிளம்பி, ஷூ மாட்ட உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. ஐம்பது வயதுகூட ஆகவில்லை...

காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டில் நிற்கும்போது போன் வந்தது. பக்கத்துக் கடைக்காரர் ஸ்டூல் எடுத்துப் போட்டார். அதுவரைதான் நினைவிருக்கிறது.

2004-ல் நான் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தபோது பக்கத்து டேபிள் அவர். நாசரேத் பக்கத்துக்காரர். முதல் வாரமே டையிங்கிலிருந்து சாயம் ஏற்றி வந்த இரண்டு துணித் துண்டுகளை நீட்டினார்.

"தங்கச்சி, இதுல பச்சை எதும்மா?"

புதுப் பெண்ணை டெஸ்ட் பண்ணுகிறார் என்று நினைத்தேன். "இதுங்கண்ணா. அது பிரவுனுங்க."

"எனக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தாம்மா இருக்கு. வெளிய சொல்லிராத. வேலை போயிரும்."

அதன்பிறகு கலர் பார்க்க வேண்டிய துணியெல்லாம் முதலில் என் டேபிளுக்கு வரும். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களின் மெயில், ஷிப்மென்ட் சண்டை என்று நான் பயப்படுகிற எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டார்.

படிக்கிற காலத்தில் அவருக்கு ஒரே ஆசை... பைலட். பரீட்சை, இன்டர்வியூ எல்லாம் பாஸ். மெடிக்கலில் கலர் புள்ளிகளுக்குள் இருக்கும் நம்பரைப் படிக்கச் சொன்னார்களாம்.

"எல்லாவனும் படிக்கான்... எனக்கு வெறும் புள்ளிதான் தெரியுது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இவருடைய விமானப் பைத்தியத்தைப் பார்த்து, இங்கிலாந்து பையர் ஒருவர் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். ஸ்பிட்ஃபயர். இரண்டாம் உலகப்போர் சண்டை விமானத்தின் குட்டி மாடல். பிளாஸ்டிக் துண்டுகளை நாமே வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் உட்கார்ந்தோம். பைலட் சீட்டை ட்வீசரால் உள்ளே இறக்கும்போது அண்ணன் மூச்சே விடவில்லை.

மேல்பக்கம் பச்சையும் பிரவுனும் திட்டுத் திட்டாக வர வேண்டும். டப்பா மூடிகளில் நான் பெயர் எழுதி வைத்திருந்தேன். ஒரு வாரம் போக முடியவில்லை... மூடிகள் எப்படியோ மாறிப்போயிருக்கின்றன.

அடுத்த வாரம் போனால், இடது றெக்கையில் இரண்டு கலரும் இடம் மாறி இருந்தன. பென்சில் கோடு தாண்டாமல், அவ்வளவு அழகாக.

"எப்படிம்மா இருக்கு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மாறிப்போச்சுங்கண்ணா."

பிரஷ்ஷைக் கழுவினார். துடைத்தார்.

"நீலம் எனக்கு நல்லாத் தெரியும்மா. மேல போனா வானம்தானே... நீலம் தெரிஞ்சாப் போதாதான்னு அந்த டாக்டர்ட்ட கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாரு."

அன்றுதான் அவர் அழுது பார்த்தேன். அவர் மனைவி மெர்சி அண்ணி கிச்சன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

நான் திருத்தித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

அடிப்பக்கம் வெளிர் நீலம். அதை மட்டும் யாரிடமும் கேட்காமல் அவரே அடித்து முடித்தார்.

இன்று மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கண்ணன் இன்னைக்கு டீ கூடக் குடிக்கலம்மா" என்றார். அதையே திரும்பத் திரும்ப...

அடக்கம் அவர் சொந்த ஊரில். அவரை ஏற்றிய வண்டி தாராபுரம் ரோட்டில் திரும்பும்வரை கம்பெனி ஆட்கள் எல்லோரும் வெயிலில் நின்றோம்.

பார்த்துப் போங்கண்ணா.