நடுக்கோட்டை விட்டு அகலாத புள்ளிகள்

வித்துரா செல்லும் சாலையிலிருந்த தேயிலைப் பொட்டலக் கூடத்தில் எடையின் தரத்தைக் கவனிப்பது என் பணி. மணிக்கொரு முறை, இயந்திரம் நிரப்பிய ஐந்து பொட்டலங்களை நிறுத்து, சராசரியை வரைபடத்தில் ஒரு புள்ளியாக இட வேண்டும். நடுவில் ஒரு கோடு. மேலும் கீழும் சிவப்பு எல்லைகள். எந்த இயந்திரமும் சற்றுக் கூட்டியும் குறைத்துமே நிரப்பும். அந்த இயல்பான அசைவு எல்லைகளுக்குள் அடங்கும்; புள்ளி வெளியேறினால் இயந்திரத்தில் கோளாறு என்று பொருள்.

எடைமேடையில் பணிபுரிந்த பெண்மணியிடம் வரைபடத்தை ஒப்படைத்திருந்தேன். மூன்று வாரங்களாகப் புள்ளிகள் நடுக்கோட்டை விட்டு அகலவில்லை. மேலாளர் மகிழ்ந்தார். அசையாத வரைபடத்தை நான் நம்புவதில்லை. அந்தப் பெண்மணி நிறுக்காமலே எண்களை எழுதுகிறார் என்று முடிவுகட்டி, மேலாளருக்குக் கடிதமும் எழுதிவிட்டேன். அப்பெண்மணி ஒப்பந்த ஊழியர். அக்கடிதம் மேலாளர் கைக்குப் போனால் அவர் வேலை போய்விடும்.

மறுநாள் கிழக்கேகோட்டையிலிருந்து முதல் பேருந்தில் புறப்பட்டு, கடிதம் சட்டைப் பையிலிருக்க, அட்டைப்பெட்டி அடுக்கின் பின்னால் நின்றேன். அவர் பொட்டலங்களை ஒவ்வொன்றாக நிறுத்தார். நான்காவதை நிறுத்ததும் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்தார்.

“என்ன சாரே, போலீஸ்காரன் கணக்கா ஒளிஞ்சு நிக்கீங்க?” என்றார், திரும்பாமலே.

“அத ஏன் மாத்தினீங்க?”

“வெயிட் கூடிப் போச்சு. செவப்புக் கோட்டத் தாண்டினா மேனேஜர் உங்களத்தான் கேப்பார்னு மொத நாளே சொன்னீங்கல்ல? நீங்க ஏச்சு வாங்க வேண்டாமேன்னு நல்லதாப் பாத்து வச்சேன், கேட்டோ.”

நான் சொன்னது உண்மைதான். புள்ளி இடக் கற்பித்த நான், அது எதற்கென்று கூறவில்லை. ஆயினும் ஐயம் முற்றும் விடவில்லை.

“மாத்தினதுக்கு என்ன சாட்சி?”

அவர் வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். விலக்கிய எடைகளெல்லாம் நேரம் குறித்துப் பின்புறத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. அவற்றைச் சேர்த்து மீண்டும் புள்ளியிட்டேன். கடைசி வாரத்தில் புள்ளிகள் மேலேறி, இறுதியில் சிவப்பைத் தாண்டின. இயந்திரத்தைத் திறந்து பார்த்தபோது, தேயிலையை அளந்து விடும் கிண்ணத்தின் அடித்தகடு தேய்ந்து தளர்ந்திருந்தது.

கடிதத்தைக் கிழித்து, பிழை என் அறிவுறுத்தலில் நேர்ந்தது என்று புதிதாக எழுதிக் கொடுத்தேன். மேலாளர் வரைபடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஐயம் விடாத அப்பார்வையை நான் அறிவேன், மூன்று வாரம் அது என்னிடமிருந்தது. ஆயினும் அப்பெண்மணியின் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்.

அடுத்த திங்களன்று எடைமேடையில் அந்தப் பெண்மணி பென்சிலை நிறுத்திக் கேட்டார்: “சாரே, இது வெளிய போகுது. எழுதட்டா?”

“எழுதுங்க.”

“பின்ன எங்கிட்டச் சண்டைக்கு வரப்படாது.”

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் எழுதினார்.