ஆறிப்போன டப்பா

அந்த மறுவாழ்வு மருத்துவமனையில் அவருக்கு டப்பாக்காரர் என்று பெயர். போதையை விட்டவர்கள் வாரம் ஒருமுறை பரிசோதனைக்கு ஒரு டப்பாவில் சிறுநீர் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது பின்னால் ஒரு ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள் இவர்தான். கௌரவமான வேலை ஒன்றுமில்லை. ஆனால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறவன்கூட அந்த டப்பாவிடம் பொய் சொல்ல முடியாது என்பதில் அவருக்கு ஒரு திருப்தி. உடம்பிலிருந்து வந்தது வெதுவெதுப்பாக இருக்கும். அடுத்தவருடையதை ஒளித்துக்கொண்டு வந்தால் ஆறியிருக்கும். டப்பாவை வாங்கிய உடனே அவர் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் வேறொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர். அங்கே மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஒருவர் இருந்தார். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை, அரை மணிக்கொரு தரம் கழிவறை, கடுகு மாதிரி சுருங்கிய கண்மணி. கழிவறையில் உடைந்து கிடந்த, போதை தரும் வலிமருந்து ஊசிக் குப்பிகளின் கண்ணாடியைப் பெருக்கி அள்ளியது இவர்தான். பெரிய இடத்து விவகாரம், நமக்கெதற்கு என்று வாயை மூடிக்கொண்டார். அதற்கு நல்ல பரிசு கிடைத்தது. மருந்து குறைகிறது என்று ஒரு நாள் இவருடைய அலமாரியைத் திறக்கச் சொன்னார்கள். காலிக் குப்பிகள் உருண்டு விழுந்தன. "எனக்கு இவன் மேலதான் சந்தேகம்" என்றார் டாக்டர், கூசாமல்.

வேலை போனது. மச்சான் வீட்டுக்குப் போனால் மாத்திரை டப்பா கூடத்திலிருந்து உள்ளறைக்கு நகர்ந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அப்பா உயிர் பிரிவதற்கு முந்தின நாள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லுடா, எடுத்தியா?" என்று கேட்டார். இல்லை என்றார் இவர். அப்பா நம்பின மாதிரி தெரியவில்லை.

அந்த டாக்டரே ஒரு நாள் இந்த மறுவாழ்வு மருத்துவமனைக்கு நோயாளியாக வந்து நின்றார். வேறெங்கோ கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தார். பன்னிரண்டு வாரம் டப்பா சுத்தமாக இருந்தால் மறுபடியும் வேலை. இவரை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. அது இவருக்குப் பொறுக்கவில்லை. படித்தவராயிற்றே என்று மரியாதை காட்டுகிற மாதிரி, இவர் ஒவ்வொரு வாரமும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். விட்டுப் பிடிக்கத்தான். பதினொரு வாரம் டப்பா வெதுவெதுப்பாகவே வந்து இவரை ஏமாற்றியது.

பன்னிரண்டாவது வாரம் டப்பாவை வாங்கிய கை சில்லிட்டது. கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று மனுஷன் ஐஸில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். படித்தவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

"என்ன சார், வயித்துக்குள்ள ஃப்ரிட்ஜ் வச்சிருக்கீங்களா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் ஆளை அடையாளம் தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"ஒரே ஒரு தடவைதாண்ணே ஊசி போட்டுக்கிட்டேன். சரின்னு எழுதிடுங்க. என்ன வேணும்னாலும் செய்யறேன்."

"இப்ப அண்ணனாயிட்டேனா? உட்காருங்க. அன்னைக்கு மருந்தை எடுத்தது யாரு, என் அலமாரியில வச்சது யாருன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"எழுதினா, சரின்னு போடுவீங்களா?"

"போடறேன்."

டாக்டர் ஒரு பக்கம் எழுதினார். இவர் இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பேனாவை எடுத்தார்.

ஒரு கணம் மனசு ஆசைப்பட்டது. சரி என்றே எழுதிவிட்டால்? மருந்து கைக்கெட்டும் வேலைக்கே டாக்டர் திரும்பிப் போவார். பல வாரம் விட்டுவிட்டுப் பழைய அளவையே போட்டுக்கொண்டால் உடம்பு தாங்காது. அப்படிச் செத்துப்போன மூன்று பேரை இவரே தூக்கியிருக்கிறார். கொலை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். உதவி செய்தார் என்பார்கள். அந்த நினைப்பு கொஞ்ச நேரம் இனிக்கத்தான் செய்தது.

பிறகு எழுதினார்: குளிர்ந்திருந்தது. வேறொருவருடையது.

"வாக்கு கொடுத்தீங்களே!"

"கொடுத்தேன், மீறிட்டேன். வெளிய போய்ச் சொல்லுங்க சார். யார் நம்பறாங்கன்னு பார்ப்போம்."

டப்பாவையும் கடிதத்தையும் தலைமை டாக்டரம்மா மேஜையில் வைத்தார். இரண்டுக்கும் இடையில் நடந்த பேரத்தையும் மறைக்கவில்லை. அந்த அம்மா அதற்காக இவரைக் கடிந்துகொண்டார். கடிதத்தைப் பழைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். டாக்டரை அன்றே உள்நோயாளியாகச் சேர்த்தார், ஆறு மாதத்துக்கு.

கட்டிலில் விரிப்பைப் போட்டுக்கொண்டிருந்த இவரிடம் டாக்டர் அழுகிற குரலில் கேட்டார்: "என்னை விட்டிருந்தா இந்நேரம் எங்கேயாவது போய்ச் செத்திருப்பேனே. ஏன் விடலை?"

"செத்துட்டா நல்ல டாக்டர்னு பேசுவாங்க சார்" என்றார் இவர், விரிப்பின் ஓரத்தை இழுத்துச் செருகியபடி. "எங்கப்பா என்னைத் திருடன்னு நினைச்சுக்கிட்டே போனார். நீங்க இருங்க. நல்லா தெளிஞ்சு, ரொம்ப வருஷம் இருங்க."