எண்ணிக்கொண்டிருந்த இயந்திரம்

பழைய மானிட்டர் சூடேறும்போது உள்ளே படிந்த தூசி லேசாகக் கருகி ஒரு வாசனை வரும். சென்ற வாரம், பல மாதம் தொடாத இஸ்திரிப்பெட்டியைப் போட்டபோது அதே வாசனை. கையில் சட்டையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

2004 கோடை, ஹைதராபாத். மாதாப்பூரில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா திருநெல்வேலிக்காரர். சனத்நகரில் சின்னதாக ஒரு யூனிட் நடத்திவந்தார். குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டருக்கு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் போர்டுகள் அங்கே தயாராகும். ஒவ்வொரு போர்டையும் சூடாக்கி, மீட்டர்களை அளக்கச் சொல்லி, பாஸா ஃபெயிலா என்று தீர்ப்பு சொல்லும் கணினி அந்த வாரம் செத்துப்போனது. மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போர்டு இல்லாமல் சும்மா நின்றன. தினமும் போன் வந்தது. சோதிக்காமல் ஒன்றையும் அனுப்ப மாட்டேன் என்றார் அக்கா.

என் புது கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். மீட்டர்களோடு பேசும் நீளமான கார்டைச் செருக அதில் இடமே இல்லை.

"இது அந்தக் காலத்துக் கார்டு தம்பி. மாப்பிள்ளையும் அந்தக் காலத்து ஆளாத்தான் பாக்கணும்" என்றார் அக்கா.

ஐ.டி. கம்பெனிகள் கழித்துவிட்ட கணினிகள் மலையாகக் கிடந்த காயலான் கடைக்குப் போனோம். நீளமான துளை இருந்தவற்றில் ஆக வேகமானதைத் தேர்ந்தெடுத்தேன். பழக்கதோஷம்.

அன்று மதியமே கார்டைச் செருகி, சோதனை நிரல் இருந்த பிளாப்பியைப் போட்டோம். மீட்டர்கள் கண் விழித்தன. திரையில் பாஸ், பாஸ், பாஸ். மேசையில் இருந்த போர்டுகள் எல்லாம் மளமளவென்று தேறிவிட்டன. நான் கைதட்டியே விட்டேன். அக்கா கடைசி போர்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"சில்லுன்னு இருக்கு. சூடே ஏறலியே, அதுக்குள்ள எப்படிப் பாஸு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போர்டு சூடாகும்வரை காத்திருக்க, அந்த நிரல் ஒன்றிலிருந்து வெறுமனே எண்ணிக்கொண்டே போகும். பழைய கணினி நிதானமாக எண்ணி முடிப்பதற்குள் சூடு ஏறிவிடும். நான் வாங்கிவந்த வேகக்காரன் ஒரே மூச்சில் எண்ணி முடித்துவிட்டான். நிரலைத் திருத்தலாமென்றால் அதை எழுதியவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ, மூலப் பிரதி யாரிடமும் இல்லை.

மறுபடி காயலான் கடை. இருப்பதிலேயே மெதுவானது வேண்டும் என்றோம். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"சப் லோகாங் ஃபாஸ்ட் மாங்தே, ஆப் ஸ்லோ மாங்தே! கைக்கு சாப்?"

"ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்ல?" என்று அக்கா என்னிடம் முணுமுணுத்தார். "பிள்ளைங்களுக்குன்னு சொல்லுங்க."

"பச்சோங் கே லியே" என்றேன். ஏதோ வீடியோ கேம் என்று நினைத்திருப்பார். "ஹவ், ஹவ்" என்று தலையாட்டி, மஞ்சளேறிய ஒரு பெட்டியை அடியிலிருந்து உருவிக் கொடுத்தார்.

மறுநாள் காலை அதை ஓட்டினோம். அதன் மானிட்டரிலிருந்து தூசி கருகும் வாசனை வந்தது. ஹீட்டர் 'டிக்' என்று உயிர்பெற்றது. பிறகு ஒன்றுமில்லை. திரையில் ஒரு புள்ளி மட்டும் துடித்தது. உள்ளே அது எண்ணிக்கொண்டிருந்தது. யாருக்கும் தேவைப்படாத எண்கள். கூட்டவில்லை, கழிக்கவில்லை, ஒரு சின்னப் பலகை தன் சூட்டுக்கு வந்து சேர அவகாசம் கொடுத்தபடி சும்மா எண்ணிக்கொண்டிருந்தது. நொடியைச் சீவுவதற்கே சம்பளம் வாங்கிய எனக்கு, கோயில் சந்நிதியில் திரை விலகக் காத்திருப்பதுபோல் மூச்சடங்கிப்போயிற்று.

பாஸ். வெகுநேரம் கழித்து மற்றொரு பாஸ். அதற்கடுத்து, ஃபெயில்.

முந்தின நாள் தேறியிருந்த போர்டு அது. சூடு ஏற ஏற, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மேலே போய்க்கொண்டே இருந்தது. அதை நம்பி ஒரு குழந்தை படுத்திருக்கும். அக்கா அதைக் கழற்றித் தனியே வைத்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வேகமான இயந்திரங்களைப் பார்த்துவிட்டேன். எதன் முன்னாலும் அப்படிக் கைகட்டி நின்றதில்லை. ஒன்றும் செய்யாததுபோல் தெரியும் பொழுதுக்குள் ஓர் உயிர் காக்கப்படலாம் என்று இன்றும் நம்புகிறேன்.

அன்று சாயங்காலம் கிளம்பும்போது, வண்டியிலேயே வீட்டில் விட்டுவிடுகிறேன் என்றேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க போங்க தம்பி. அது எண்ணி முடிக்கட்டும், நான் இருக்கேன்."