கோல் கீப்பரை விசாரிக்க வந்தவர்

ஓட்டை இல்லாத ரியூபில் காற்றுப் போகுமா?

போகாது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் போன மாதம், அச்சுவேலிச் சந்தைக்குக் கிட்ட இருக்கும் ஒரு சைக்கிள் கடையில், வயதுக்கு வந்த மூன்று ஆண்பிள்ளைகளுக்கு அது தெரியாமல் போய்விட்டது. அந்த மூவரில் ஒருவன் உங்கள் பத்திக்காரன். அதனால்தான் இந்தக் கிழமையே இதை எழுதிவிடுகிறேன்... வேறு யாரும் முந்திக்கொண்டு ஊரெல்லாம் சொல்லுமுன்!

முதலில் அந்தக் கடை.

மாரி தொடங்கினால், கல்லூரி என்று பெயர் வைத்த எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். தவளைகள் மட்டும்தான் விளையாடும். இனி மாசிக்குப் பிறகுதான் ஹொக்கி. அதுவரைக்கும் ஒரு ரசிகன் என்ன செய்வான்? பழைய மட்சுகளைத் திரும்பத் திரும்ப விளையாடுவான் — வாயால்!

நாங்கள் விளையாடுவது மணியண்ணையின் சைக்கிள் கடையில். யுத்தத் தடையால் பெற்றோல் கண்ணில் காட்டாத ஊரில் சைக்கிள் கடைக்காரர்தான் ராசா. காலையிலிருந்து வரிசையில் ஆட்கள் நிற்பார்கள். ஆனால் மழை நேரத்தில் எங்கள் தங்கராசா மாஸ்ரர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாரோ, அவ்வளவுதான். மாஸ்ரர் எங்கள் கல்லூரியில் கணக்குப் படிப்பிப்பவர். அவரைக் கண்டதும் மணியண்ணை கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பலகையை எடுத்து வைப்பார். நட்டுகள் எங்கள் ஆட்கள். வாசர்கள் எதிர்ப்பக்கம். பந்து? பெடலுக்குள் போடுகிற இரும்புக் குண்டு ஒன்று. மட்ச் முடியும்வரை வாடிக்கையாளரின் சைக்கிள் தலைகீழாகத்தான் நிற்கும். சுட வரும் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டால் பலகையோடு பின்பக்கத்துப் பதுங்குகுழிக்குள் இறங்கி, இரண்டாம் பாதியை அங்கே வைத்துக்கொள்வோம்.

ஒரு மாரிக்கும் அடுத்த மாரிக்கும் இடையில் மட்சுகள் வளரும். முந்தி வட்டத்துக்குள் நின்று அடித்த ஒரு கோலை மணியண்ணை இப்போது முப்பது யார் தூரத்துக்குத் தள்ளிவிட்டார்.

"வட்டத்துக்கு வெளியாலை நிண்டு அடிச்சா அது கோலே இல்லை மணி," என்றார் மாஸ்ரர்.

"அண்டைக்கு அம்பயர் குடுத்தவர் மாஸ்ரர்!"

மாஸ்ரர் இரும்புக் குண்டை எடுத்து நடுக்கோட்டில் வைத்தார்.

இப்படி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், நல்ல மழை. வெள்ளை வேட்டி, கறுப்புக் குடையோடு ஒரு பெரியவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அறுபது வயதிருக்கும். பின் சில்லில் காற்றில்லை என்றார். மணியண்ணை ரியூபைக் கழற்றித் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இல்லை.

பெரியவர் ரியூபைப் பார்க்கவே இல்லை. மெல்லக் கேட்டார்: "உங்கை அரசாங்கக் கச்சேரியிலை வேலை செய்யிற நவரத்தினம் எண்டு ஒரு தம்பி... வீடு கிட்டடியோ?"

வாசகர்களே, இந்தக் கேள்வி உங்களிடம் கேட்கப்பட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எங்கள் பக்கத்தில் பெண் வீட்டுக்காரர் நேரே வந்து "மாப்பிள்ளை எப்படி?" என்று கேட்பதில்லை. சந்திக் கடையில் ஏதாவது சாட்டு வைத்துக்கொண்டு — நல்ல ரியூபின் காற்றைத் தாங்களே திறந்துவிட்டாவது — வந்து நிற்பார்கள். பொடியனின் பெயரைச் சும்மா விடுவார்கள். கடைக்காரரும் விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, "தங்கமான பொடியன், குடி சிகரட் ஒண்டுமில்லை, தாய் தகப்பனிலை உயிர்" என்று மனப்பாடமாக ஒப்புவிப்பார். மணியண்ணை இப்படிச் சொல்லிச் சொல்லி எத்தனையோ கலியாணங்களை ஒப்பேற்றியவர்.

ஆனால் அன்றைக்குப் பலகையில் மட்ச் நடந்துகொண்டிருந்தது!

"நவமோ? கோல் கீப்பர் நவமோ?" என்று துள்ளி எழும்பினார் மணியண்ணை.

"கோல் கீப்பரோ?" என்றார் பெரியவர்.

அந்த ஒரு சொல் போதாதா? பெரியவருக்கு ஸ்ரூல் போட்டோம். பனங்கட்டியோடு பிளேன்ரீ கொடுத்தோம். நவத்தின் ஹொக்கிச் சரித்திரம் முழுவதையும் — கேட்காமலே — அவிழ்த்துவிட்டோம். (நவம் என்பது அவனுடைய உண்மைப் பெயரில்லை. "பேரை மாத்தி எழுதுங்கோ" என்று கேட்டுக்கொண்டான். ஊரை மாற்றச் சொல்ல மறந்துவிட்டான்.)

நவம் கோபத்தில் ஸ்ரிக்கைக் கம்பத்தில் அடித்து முறித்த கதையை மாஸ்ரர் சொன்னார். அம்பயராக நின்ற சொந்த மாமனோடு சண்டை பிடித்து வெளியே அனுப்பப்பட்ட கதையை நான் சொன்னேன், நடித்தும் காட்டினேன். பெரியவரின் புருவம் மெல்ல மேலே போனது. ரசிக்கிறார் என்று நினைத்தோம்.

கடைசியில் மணியண்ணை எங்கள் ஆறாத புண்ணுக்கு வந்தார். ஒன்பது வருஷத்துக்கு முந்திய பைனல்.

முடிய ஒரு நிமிஷம். கோல் எதுவும் இல்லை. சமநிலையில் முடிந்தாலே கப் எங்களுக்கு, ஏனென்றால் அதற்கு முந்தின வருஷம் வென்றவர்கள் நாங்கள். எதிர்ப்பக்கத்தான் ஒருவன் வட்டத்தின் ஓரத்திலிருந்து அடித்தான். மணியண்ணை இரும்புக் குண்டைச் சுண்டினார். பந்து கம்பத்தை உரசி உள்ளே போய், பழைய வலையின் ஓட்டைக்குள்ளால் பின்பக்கம் போய்விட்டது. அம்பயருக்கு ஆட்கள் மறைப்பு. உள்ளே போனதா, கம்பத்துக்கு வெளியால் போனதா? தெரியவில்லை. எங்கள் சனம் முழுக்க "வெளியாலை! வெளியாலை!" என்று கத்தியது. அம்பயரும் வெளியே என்று கையைக் காட்டப் போனார்...

"அப்ப உவன் நவம் என்ன செய்தவன் தெரியுமே?" மணியண்ணை பலகையில் ஓங்கித் தட்டினார். "கையை உயர்த்தினான் ஐயா! 'சேர், பந்து உள்ளுக்கை போட்டுது' எண்டான்! கேட்டவையே? ஆரும் உவனைக் கேட்டவையே? கப் போச்சு! உண்மை சொல்லுறதுக்கு உவனுக்கு வேறை இடம் கிடைக்கேல்லையே?"

பெரியவர் பிளேன்ரீயைக் கீழே வைத்தார். "அந்தக் கோல் காத்த பொடியனோ இந்த நவரத்தினம்?" என்று ஒரே ஒரு கேள்வி. ஓம் என்றோம். மழை விடுமுன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பின்னேரம் நாலரைக்கு நவம் வந்தான். முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு.

"மணியண்ணை, நீர்வேலியிலை இருந்து, காணி உறுதி எழுதுற ஒரு நொத்தாரிசு ஐயா என்னை விசாரிக்க வருவார் எண்டு தரகர் சொன்னவர். கறுப்புக் குடை. வந்தாரெண்டா... கொஞ்சம் நல்லாச் சொல்லிவிடுங்கோ."

மணியண்ணையின் கையிலிருந்து நட்டுச் சாவி கீழே விழுந்தது.

நவத்துக்கு இருபத்தெட்டு வயது. சாதகத்தில் செவ்வாய்க் குற்றம். மூன்று வருஷம் தேடி, பொருந்தி வந்த முதல் சாதகம் இது. போதாததற்கு, கோயிலில் வைத்துப் பெண்ணைத் தூரத்தில் கண்டு, இவனுக்கும் பிடித்துப் போயிருந்தது. "உது சரிவராட்டி அம்மா தாங்கமாட்டா," என்றான். தான் தாங்கமாட்டேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னான்.

நாங்கள் உண்மையைச் சொன்னோம். அவன் கத்தவில்லை, ஏசவில்லை. தலைகீழாக நின்ற ஒரு சைக்கிளின் சில்லைக் கையால் சுற்றிவிட்டான். பிறகு, "பரவாயில்லை, விடுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஏசியிருந்தால் அன்றைக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

அடுத்தநாள் காலை. மூன்று பேர், இரண்டு சைக்கிள், நீர்வேலி. திட்டம் என்ன? வேறென்ன... பொய் சொல்வதுதான்!

நொத்தாரிசு ஐயாவின் வீடு வாழைத்தோட்டத்துக்கு நடுவில். எங்களைக் கண்டு அவர் ஆச்சரியப்படவில்லை. வாங்கில் இருத்தி, கதலிப் பழம் ஒரு சீப்பைக் கொண்டுவந்து வைத்தார்.

"ஐயா, நேற்று நாங்கள் கதைச்சதெல்லாம் சும்மா பகிடி," என்று தொடங்கினார் மணியண்ணை.

"ஸ்ரிக் முறிச்சது வேறை பொடியன்," என்றார் மாஸ்ரர். முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்த வாயால்!

"மாமனோடை சண்டை பிடிச்சதும் அவனில்லை," என்றேன் நான். எடுத்த வேலையை அரைகுறையாக விடுவானேன்? "அந்தப் பைனல் கதையும் கட்டுக்கதைதான் ஐயா. நவம் கையே உயர்த்தேல்லை. நான் பத்திரிகையிலை எழுதுறவன், என்ரை சொல்லை நம்பலாம்."

"தெரியும் தம்பி. நீர் எழுதுறதை வாசிக்கிறனான். அதுதான் யோசிக்கிறன்," என்றார் அவர். பிறகு எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "அப்ப, அவன் கை உயர்த்தேல்லையோ?"

"இல்லை ஐயா!" என்றோம் மூவரும் ஒரே குரலில்.

"நல்லது. அப்ப இந்தச் சம்பந்தத்தை விட்டிடுவம்."

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உரித்த வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் மாஸ்ரரைப் பார்த்தேன், மாஸ்ரர் கூரையைப் பார்த்தார். மணியண்ணைதான் உடைந்தார். ஒன்பது வருஷத்து ஆத்திரம் முழுக்கப் பொங்கி வந்தது.

"உயர்த்தினவன் ஐயா! பாழ்படுவான் உயர்த்தினவன்! நான் என்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டனான்! அவன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டிருந்தா கப் எங்கடை!"

நொத்தாரிசு ஐயா அப்போதுதான் சிரித்தார்.

"எனக்கும் தெரியும். நானும் உங்கடை கல்லூரிதான்," என்றார். "அப்ப எனக்கு வவுனியாவிலை வேலை. அந்தப் பைனலுக்கெண்டே பஸ் ஏறி வந்தனான். கோலுக்கு நேர் பின்னாலை நிண்டனான். பந்து வலையின்ரை ஓட்டையாலை வந்து என்ரை காலடியிலைதான் நிண்டது. அதைக் கையிலை எடுத்துக்கொண்டு, 'வெளியாலை' எண்டு முதல் கத்தினது ஆர் எண்டு நினைக்கிறியள்? நான்தான்."

மாஸ்ரர் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார்.

"நான் ஊருக்குக் காணி உறுதி முடிக்கிற மனுசன். எழுதினது உண்மையெண்டு என்ரை கையெழுத்தை வைச்சுக் குடுக்கிறவன். நான் பொய் சொன்னன். ஒரு பள்ளிக்கூடப் பொடியன் உண்மை சொன்னான். முகத்திலை வலைமூடி போட்டிருந்தபடியா ஆளை எனக்குத் தெரியேல்லை. ஆரடா அந்த விசரன் எண்டு ஒன்பது வருஷமாய்த் திட்டிக்கொண்டு இருக்கிறன். நேற்று உங்கடை கடையிலை பேர் தெரிஞ்சுது. வீட்டை வந்து இரவு முழுக்கச் சரியான கோவம், பேந்து சரியான வெக்கம்."

உள்ளே யாரோ மெல்லச் சிரித்த சத்தம் கேட்டது. பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

"அப்ப... ஸ்ரிக் முறிச்சது, சண்டை பிடிச்சது?" என்று இழுத்தார் மாஸ்ரர். கணக்கு வாத்தியார் அல்லவா, விடை முழுதாக வேண்டும்!

"அம்பயராய் நிண்ட மாமனுக்கே பயப்பிடாதவன் மாமனாருக்கோ பயப்பிடப் போறான்? என்ரை பாடு கஷ்டந்தான்." குடையை எடுத்துக்கொண்டு எங்களை வாசல்வரை வழியனுப்ப வந்தார். "தாய்க்காரியிட்டைச் சொல்லுங்கோ, தையிலை நாள் பார்ப்பம் எண்டு. ஒண்டு மட்டும்... உவனை இனிமேல் எங்கடை கல்லூரிக் கோலிலை நிக்க விடாதேங்கோ. என்ரை வீட்டிலை நிக்கட்டும்."

திரும்பி வரும்போது மழை கொட்டியது. மூன்று பேரும் தொப்பலாக நனைந்தோம். மணியண்ணை பாட்டே பாடினார். நவத்தின் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது, அவன் என் கையைப் பிடித்த பிடியில் இரண்டு நாள் பேனா பிடிக்க முடியவில்லை.

ஒரு பொடியனைப் பற்றி ஊரில் மறைக்க வேண்டியது எது, சொல்ல வேண்டியது எது... நமக்கெல்லாம் அது நன்றாகத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம், இல்லையா? நாங்கள் அவனுடைய பெரிய குற்றமென்று ஒன்பது மாரியாகப் பேசியதைத்தான் அந்த மனுஷன் பொன்னாக எடுத்துக்கொண்டார்.

தையில் கலியாணம். மூவருக்கும் அழைப்பு வந்துவிட்டது. போய் வயிறாரச் சாப்பிட்டு, மனதார வாழ்த்துவோம்.

ஆனால் அந்தக் கோலுக்கு மன்னிப்பு?... அது வேறு விஷயம்!