செத்தவளைத் திருத்த மறுத்த வாசுகி

வாசுகி இறந்த செய்தி எங்கள் தமிழ்ச் சங்கப் பொருளாளரின் தொலைபேசி வழியாக வந்தது. மெல்பேர்னில் யார் வீடு விற்றாலும், யார் வீட்டில் சண்டை என்றாலும் முதலில் அறிகிறவர் அவர்தான். "வாசுகி முடிஞ்சுது" என்றார், வைத்துவிட்டார். வம்புக்கு அவருக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரலில் புற்றுநோய். ஐம்பதுகூட ஆகவில்லை.

உங்களில் பலர் அவரைச் சங்க நாடகங்களுக்குத் திரை வரைந்தவராக அறிவீர்கள். பிழைப்புக்கு மல்கிரேவில் ஒரு வீடியோ கேம் நிறுவனத்தில் கணினியில் உருவங்கள் செய்தார். அதனால்தான், 'வீடியோ விளையாட்டு பெண்ணை உயர்த்துகிறதா, இழிவுபடுத்துகிறதா?' என்று பட்டிமன்றம் வைத்தபோது, உயர்த்துகிறது என்ற அணிக்கு அவரையே தலைவியாக்கி, அவரைக் கேட்காமலே நோட்டீஸ் அடித்தோம். அதே அணியில் அடுத்த பேச்சாளர் நான். தலைப்பு எதுவானாலும் மனைவியை வைத்து நாலு பகிடி விட்டுச் சிரிக்க வைத்து இறங்குவது என் வழக்கம். வீட்டுக்குப் போனால் சாப்பாடு கிடைக்காததும் வழக்கம்.

வாசுகி மைக்கைப் பிடித்தார். "இப்ப நான் ஒரு பொம்பிளை செத்துக் கிடக்கிற காட்சி செய்யிறன். வாய் திறந்து, கால் மடங்கி, சண்டை நேரம் ஊரில றோட்டோரம் கண்ட மாதிரியே செய்து குடுத்தன். மனேஜர் திருப்பி அனுப்பிட்டார். இடுப்புத் தெரியட்டுமாம், உதட்டுச் சாயம் கலையக் கூடாதாம். பக்கத்தில செத்துக் கிடக்கிற ஆம்பிளையளை ஒருத்தரும் திருத்தச் சொல்லேல்லை."

நடுவர் மணியடித்தார். "தங்கச்சி, உங்கட அணி மற்றது!"

"ஓம் ஐயா, தெரியும். என்னை ஆர் கேட்டுப் போட்டது?"

மண்டபம் சிரித்தது. "சிரியுங்கோ. உங்கட வீட்டுப் பெடியளும் இந்த விளையாட்டில அவளைத்தான் சுடப் போறாங்கள்" என்றார். நான் ஏறினேன், பகிடி ஒன்றும் வரவில்லை, இறங்கினேன். எங்கள் அணியே இல்லாமல் போனபின்னும், இரு அணியும் வென்றதாக நடுவர் தீர்ப்புச் சொன்னார்.

திரும்பும்போது காரில் கேட்டேன்: "தனிய மகளை வளர்க்கிறாய், வாசுகி. வேலை போனா?"

"போகட்டும் அண்ணை. அவளை நான் திருத்தமாட்டன்."

திருத்தவில்லை. வேலை போனது. பிறகு டார்னெய்ட்டில் கட்டும் புதுவீடுகளுக்குச் சமையலறை அலுமாரி வரைந்து கொடுத்தார். "பாத்தீங்களே, கடைசியில என்னைக் குசினிக்குள்ள தள்ளிட்டாங்கள்" என்று அவரே சிரித்தார். எனக்குச் சொல்லத் தோன்றாத பகிடி அது.

விளையாட்டு வெளிவந்தது. வேறொருவர் திருத்திய பெண் அதில் ஒய்யாரமாகச் செத்துக் கிடந்தாள். வாங்கி வந்தவன் என் மகன். ஆஸ்பத்திரியில் வாசுகியைப் பார்க்கப் போனபோது அதையும் உளறிவிட்டேன்.

"வடிவாயிருக்கிறாளோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் பேசியது அதுதான் கடைசி.

வாசுகியின் செத்தவீடு முடிந்து வந்த அன்று மகன் அதை விளையாடிக்கொண்டிருந்தான். அந்தக் காட்சியில் நிறுத்தச் சொன்னேன். "இவளை முதலில செய்தது வாசுகி அன்ரி. செத்த சனம் இப்பிடிக் கிடக்கிறதில்லை, மகன்."

"இட்ஸ் ஜஸ்ட் எ கேம், அப்பா" என்றான். நான் அடுத்து என்ன பகிடி விடப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்தான்.

விடவில்லை. சொன்னதைத் திருத்தவும் இல்லை; அவன் பார்வையைத் தாழ்த்தும்வரை அப்படியே இருந்தேன். வாசுகியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, அப்படி இருக்கத் தெரிந்ததுதான்.